மழைக்கு முன்னாடியே கேட்டுடுங்க!

ஐப்பசி பொறந்துட்டா நம்ம கேள்வி-பதிலுக்கு வர்ற கடிதத்துல பாதி மழையப் பத்திதான் இருக்கும், இந்தத் தடவை முக்கால்வாசி. அதனால மாமியார் பஞ்சாயத்து, முடி கொட்டுற பிரச்சினை எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சாச்சு, யாரும் கோச்சுக்காதீங்க.

கே: அக்கா, எங்க வீடு வேளச்சேரில கிரவுண்ட் ஃப்ளோர். எமர்ஜென்சி கிட்னு வாட்ஸ்அப்ல ஒரு லிஸ்ட் சுத்துது, விசில், காம்பஸ், கோடாலி, கூடாரம்னு போய்க்கிட்டே இருக்கு. இதெல்லாம் நிஜமாவே வாங்கி வைக்கணுமா?
— வேளச்சேரி வாசகி

ப: கோடாலி எதுக்கும்மா, வேளச்சேரில எந்தக் காட்ட வெட்டப் போறோம்! அது எந்த ஊருக்கோ எழுதின லிஸ்ட், யாரோ ஃபார்வர்ட் பண்ணிட்டாங்க, விட்டுத்தள்ளுங்க. நம்ம ஊர் வெள்ளத்துல மொதல்ல போறது கரண்ட், அடுத்து டவர், அடுத்து நல்ல தண்ணி. 2015 டிசம்பர்லயும் சரி 2023 மிக்ஜாம் புயல்லயும் சரி இதே வரிசைதான், அதனால இந்த மூணுக்கும் என்ன வழின்னு மட்டும் யோசிங்க போதும்.

தண்ணி, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு குடிக்க சமைக்க நாலு லிட்டர்னு வச்சுக்கிட்டு மூணு நாளைக்கு கணக்கு போடுங்க. நாலு பேர் வீடுன்னா 48 லிட்டர் வருது, அதாவது ரெண்டு கேன் போக கொஞ்சம். கேன்காரர் மழையில வர மாட்டார், அலர்ட் வந்த அன்னைக்கே வாங்கிடுங்க. ஓவர்ஹெட் டேங்கை ஃபுல்லா ஏத்திட்டு மோட்டார ஆஃப் பண்ணிடுங்க. ஏன்னா உங்க தெருவுல தண்ணி ஏறினா மொதல்ல நாசமாகுறது சம்ப்தான், சாக்கடையும் செப்டிக் டேங்கும் சேர்ந்து அதுக்குள்ளதான் போய் விழும், அப்புறம் தெரியாம மோட்டார் போட்டீங்கன்னா மேல இருக்கிற நல்ல தண்ணியும் போச்சு.

அடுத்தது காசு. இதை யாருமே யோசிக்கிறதில்ல. டவர் போச்சுன்னா ஜிபேயும் போச்சு, கரண்ட் போச்சுன்னா ஏடிஎம்மும் போச்சு, அப்போ பால்காரர்கிட்டயும் படகுக்காரர்கிட்டயும் ஸ்கேன் பண்ணிக்காட்ட முடியாது. ஒரு ரெண்டாயிரம் ரூபா, அதுவும் அம்பது நூறா மாத்தி, ஒரு ஜிப்லாக் கவர்ல வைங்க. கூடவே ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம், இன்சூரன்ஸ். இதையெல்லாம் டிஜிலாக்கர்ல போட்டாலும் சரி போட்டோ எடுத்து ஊர்ல இருக்கிற அண்ணனுக்கு அனுப்பினாலும் சரி, ஒரிஜினல மட்டும் பீரோவோட கீழ்த்தட்டுல வைக்காதீங்க. 2015ல தாம்பரம், முடிச்சூர் பக்கமெல்லாம் எஸ்எஸ்எல்சி மார்க்‌ஷீட்ட கொடியில கிளிப் மாட்டி காயப்போட்டிருந்த வீடுங்க எத்தனையோ, அந்த வயித்தெரிச்சல் உங்களுக்கு வேண்டாம்.

டார்ச், பவர் பேங்க், பேட்டரி போட்ட சின்ன ரேடியோ, பத்து நாளைக்கான மாத்திரை, பாராசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட், நாப்கின், வீட்ல பெரியவங்க இருந்தா டயப்பர். சாப்பாட்டுக்கு அவல், பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம், பிஸ்கட், பால் பவுடர். அவல்தான் ராஜா, அடுப்பே வேண்டாம், தண்ணில ஊறவச்சு வெல்லம் போட்டா வேலை முடிஞ்சுது. அவ்ளோதான், ஒரு ஸ்கூல் பேக்ல அடங்கிடும். விசில் மட்டும் வேணும்னா வாங்கிக்கோங்க, பத்து ரூபாதான், மொட்டை மாடில நின்னு தொண்டை கிழிய கத்துறதுக்கு அது பரவாயில்ல.

கே: ரெட் அலர்ட், ஆரஞ்சு அலர்ட்னு டிவில சொல்றாங்க, ஆனா பாதி நாள் வெயில்தான் அடிக்குது. இதை நம்பணுமா?
— ஒரு கடுப்பான வாசகர், ஆவடி

ப: சார், 24 மணி நேரத்துல 20 சென்டிமீட்டருக்கு மேல பெய்யலாம்னா ரெட். ஆரஞ்சுன்னா சுமார் 12 முதல் 20, மஞ்சள்னா 6ல இருந்து 12 வரைக்கும். அது மாவட்டம் முழுக்க கணக்கு, உங்க தெருவுக்கு இல்ல. ஆவடில வெயில் அடிக்கும், பொன்னேரில கொட்டும். 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சுது, 20க்கு மேல எவ்வளவு பெஞ்சாலும் அதே ரெட்தான், அதுக்கு மேல ஒரு கலர் கிடையாது. நம்பிட்டு ஏமாந்தா ஒரு நாள் துணி காயப்போடாம விட்டதுதான் நஷ்டம், பரவாயில்லன்னு விடுங்க.

கே: எங்க அத்தைக்கு சுகர், தினம் ரெண்டு வேளை இன்சுலின். போன தடவை வெள்ளத்துல எங்க ஊர்ல மூணு நாள் கரண்ட் இல்ல, ஃப்ரிட்ஜ் இல்லாம மருந்து கெட்டுப்போச்சோன்னு பயந்து ஊசியே போடாம விட்டுட்டோம். இனிமே என்ன செய்யறது?
— மருமகள், ஏரல்

ப: பயப்படாதீங்கம்மா, இதுல நிறைய பேர் குழம்புறாங்க. இப்போ போட்டுக்கிட்டு இருக்கிற, அதாவது திறந்துட்ட இன்சுலின் ஃப்ரிட்ஜுக்கு வெளியவே பொதுவா நாலு வாரம் தாங்கும், சூடு 30 டிகிரிக்குள்ள இருக்கணும், அவ்ளோதான். அத்தையோட பிராண்டுக்கு எத்தனை நாள்னு டப்பாக்குள்ள இருக்கிற தாள்ல போட்டிருப்பாங்க, இல்லன்னா மெடிக்கல் ஷாப்ல கேளுங்க. மழை பெய்யற மார்கழில தாமிரபரணி ஓரத்துல அவ்வளவு சூடு எங்க இருக்கப்போகுது, அதனால கரண்ட் போன உடனே மருந்து போச்சுன்னு நினைச்சு ஊசிய நிறுத்தாதீங்க, நிறுத்துறதுதான் ஆபத்து.

திறக்காத பாட்டிலுக்கு மண்பானை. பெரிய பானைக்குள்ள மணல் போட்டு நனைச்சு, அதுக்குள்ள சின்னப் பானைய வச்சு, மருந்த பிளாஸ்டிக் டப்பால போட்டு உள்ள வச்சு ஈரத்துணியால மூடிடுங்க, காத்து படுற நிழலான இடமா பார்த்து. நிறைய பேர் ஐஸ்கட்டி மேல நேரா வச்சுடுறாங்க, அது கூடாது, உறைஞ்சுபோன இன்சுலின் திரும்ப உருகினாலும் வேலைக்கு ஆகாது. தண்ணி மாதிரி இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தா போடாதீங்க. இயல்பாவே பால் மாதிரி இருக்கிற வகைன்னா உள்ளங்கையில உருட்டின பிறகும் கட்டி கட்டியா நின்னா போடாதீங்க.

ஆனா நீங்க கேக்காத ஒன்னு இருக்கு, அதுதான் எனக்கு இதவிட பெரிய கவலை. வெள்ள நேரத்துல அத்தை ஒழுங்கா சாப்பிட மாட்டாங்க, பாதி இட்லி, ரெண்டு பிஸ்கட், ஆனா ஊசி மட்டும் பழைய அளவுலயே போகும், அப்போ சுகர் சடார்னு இறங்கும். கை நடுக்கம், வேர்வை, உளறல்னு வந்தா உடனே மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சுக் கொடுங்க (மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108தான்). சாப்பாடு குறைஞ்சா டோஸ் எவ்வளவு குறைக்கணும்னு இப்பவே, மழைக்கு முன்னாடியே, டாக்டர்கிட்ட கேட்டு ஒரு தாள்ல எழுதி குளுக்கோமீட்டரோட வச்சிடுங்க. அப்புறம் அத்தைய வெள்ளத் தண்ணில வெறுங்காலோட இறங்க விடவே விடாதீங்க. சுகர்காரங்களுக்கு பாதம் மரத்துப்போயிருக்கும், ஆணி குத்தினாகூட தெரியாது, மூணாம் நாள் பார்த்தா கால் கருத்திருக்கும்.

கே: வெள்ளத்துல பாதிச்சவங்களுக்கு பழைய துணி கொடுக்கலாமா மேடம்? எங்க வீட்ல ஆறு மூட்டை சேர்ந்திருக்கு.
— மயிலாப்பூர் வாசகி

ப: வேண்டாம்மா. 2015ல வந்த பழைய துணிய பிரிக்க ஆள் இல்லாம அது முகாம் வாசல்லயே நனைஞ்சு நாறி, கடைசில குப்பை வண்டிக்கு இன்னொரு வேலையாச்சு. நனைஞ்ச வீட்டுக்குள்ள திரும்பிப் போறவங்களுக்கு வேண்டியது பக்கெட், மக், தொடப்பம், பினாயில், பாய், போர்வை. பொம்பளைங்களுக்கு நாப்கின், புது நைட்டி, புது உள்ளாடை, இதை வாய்விட்டு யாரும் கேக்க மாட்டாங்க, நாமதான் புரிஞ்சு கொடுக்கணும். கைக்குழந்தைக்குன்னு பால் பவுடர் டப்பாவ எல்லாருக்கும் நீட்டாதீங்க, அழுக்குத் தண்ணில கலக்கிக் கொடுத்தா வயித்தாலதான் போகும், தாய்ப்பால் கொடுக்கிறவங்க கொடுத்துக்கிட்டே இருக்கட்டும், வேற வழியில்லாத குழந்தைக்கு மட்டும் நர்ஸ் சொல்லி கொடுக்கட்டும். உங்க ஆறு மூட்டைக்கு பாத்திரக்காரர்தான் சரி!

கே: நான் காலேஜ் செகண்ட் இயர். போன புயல்ல ஃப்ரண்ட்ஸோட வாலன்டியரா போகணும்னு கிளம்பினேன், அம்மா கதவ பூட்டிட்டாங்க. இந்த வருஷமாவது போகணும். அம்மாவ எப்படி சம்மதிக்க வைக்கிறது, போனா என்ன செய்யணும்?
— தம்பி ஒருத்தர், பெரம்பூர்

ப: தம்பி, உன் ஆசை நல்லது, ஆனா அம்மா பயமும் நியாயம்தான். மூடி இல்லாத மேன்ஹோல் தண்ணிக்கு அடியில தெரியாது, அறுந்து கிடக்கிற கம்பியும் தெரியாது. அதனால ஒரு பேரம் பேசு. மழைக்கு முன்னாடி ரெண்டு வேலை முடிக்கிறேன், அப்புறம் விடும்மான்னு கேளு.

மொத வேலை உடம்பு. டெட்டனஸ் வராம தடுக்கிற டிடி ஊசி கடைசியா எப்போ போட்டன்னு பாரு, பத்து வருஷம் ஆச்சுன்னா போட்டுக்கோ. முழங்கால் வரைக்கும் வர்ற கம்பூட்டு, ரப்பர் க்ளவுஸ் வாங்கு. கால்ல புண்ணு இருக்கிற அன்னைக்கு தண்ணில இறங்காத, ஏன்னா எலிக்காய்ச்சல் அந்த வழியாத்தான் உள்ள வரும், எலி மூத்திரம் கலந்த தண்ணிதான் அதுக்கு காரணம். தண்ணில வேலை செஞ்ச அடுத்த ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்து, கெண்டைக்கால் பிடிச்சு இழுத்து, கண்ணு சிவந்தா நீயே மாத்திரை போட்டுட்டு படுத்துக்காம டாக்டர்கிட்ட போய் “வெள்ளத் தண்ணில நின்னேன் டாக்டர்”னு வாயத் திறந்து சொல்லணும், அந்த ஒரு வரி சொல்லலன்னா சாதாரண வைரல் ஃபீவர்னு போயிடும். வேலைக்கு போறதுக்கு முன்னாடியே தடுப்பு மாத்திரை வேணுமான்னும் அவர்கிட்டயே கேட்டுக்கோ.

ரெண்டாவது, எங்க போறதுன்னு இல்லாம பைக்க எடுத்துட்டு கிளம்புறத நிறுத்து. நான் பார்த்த வரைக்கும் ஒவ்வொரு வெள்ளத்துலயும் இதே கூத்துதான், மெயின் ரோட்டுல பத்து வண்டி நின்னு சாப்பாட்டு பொட்டலத்த திணிக்கும், வாங்கினவங்களே வாங்குவாங்க, மதியம் கட்டின தயிர் சாதம் சாயங்காலம் புளிச்சு ரோட்டோரம் கிடக்கும், ரெண்டு தெரு உள்ள இடுப்பளவு தண்ணிக்குள்ள இருக்கிற குடிசைக்கு ஒரு பொட்டலம் போயிருக்காது. உன் ஏரியா வார்டு ஆபீஸ், இல்லன்னா ஏற்கெனவே அங்க வேலை செய்யற ஒரு குழுவோட இப்பவே பேசி பேர கொடுத்து வை. மாவட்ட நிர்வாகம் ஊருக்கு ஊர் முதல்நிலை மீட்பாளர்கள்னு ஆளுங்கள பதிவு பண்ணி வச்சிருக்கு, ‘ஆப்த மித்ரா’ன்னு மத்திய அரசு திட்டத்துல முதலுதவி, மீட்புப் பயிற்சி கொடுத்திருக்காங்க, அடுத்த பயிற்சி எப்போன்னு கலெக்டர் ஆபீஸ்ல பேரிடர் பிரிவுல கேளு. படகு ஓட்டுற வேலை மீனவர்களோடது தம்பி, 2015ல காசிமேட்டுல இருந்தும் மத்த குப்பங்கள்ல இருந்தும் படகோட வந்து தூக்கினவங்க அவங்கதான், நீச்சல் குளத்துல நீந்தின தைரியத்துல நீ அடையாத்துல இறங்காத.

உதவின்னா இடுப்பளவு தண்ணில நிக்கிறது மட்டும்னு நினைக்காத. 2023ல ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நூத்துக்கணக்கான பயணிகளோட மாட்டிக்கிச்சே, வெளிய இருந்து ஆள் வர்றதுக்கு முன்னாடி அவங்களுக்கு சமைச்சுப் போட்டது பக்கத்து புதுக்குடி ஊர்க்காரங்க. அவங்களையும்தான் சுத்தி வெள்ளம், இருந்த அரிசிய போட்டு ஆக்கினாங்க. வீட்ல உக்காந்து போன் பண்றதும் பெரிய வேலைதான். உதவி கேட்டு வர்ற மெசேஜ் பாதி பழசா இருக்கும், அந்த நம்பருக்கு கூப்ட்டு “இன்னும் மாட்டிட்டு இருக்கீங்களா, எத்தனை பேரு, மாடி இருக்கா, நோயாளி இருக்காங்களா”ன்னு கேட்டு சரிபார்த்து குழுவுக்கு சொல்றவங்க இல்லன்னா படகு காலி வீட்டுக்குப் போய்ட்டு வரும். மொத வருஷம் இதைச் செய்யேன், அம்மாவும் கதவ பூட்ட மாட்டாங்க.

இன்னொன்னு. தண்ணில ஆயில் வாடை, படலம் இருந்தா இறங்காத. மிக்ஜாம் சமயத்துல எண்ணூர்ல வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வீட்டு சுவரெல்லாம் கருப்பா கோடு போட்டுச்சு, பாவம் மீனவங்க மக்கையும் பக்கெட்டையும் வச்சு அள்ளினாங்க. அது சரியான கவசத்தோட செய்ய வேண்டிய வேலை. அந்தத் தண்ணிய காய்ச்சினாலும் குடிக்க ஆகாது, காய்ச்சினா கிருமிதான் சாகும், எண்ணெய் போகாது.

கே: போன வெள்ளத்துல நான் பத்து நாள் முகாம்ல வேலை செஞ்சேன். இப்போ மழை சத்தம் கேட்டாலே தூக்கம் போயிடுது, போன் அடிச்சா நெஞ்சு படபடங்குது. யாரோ ஒருத்தருக்கு உதவ முடியாம போச்சேன்னு மனசு அரிக்குது. வீட்ல சொன்னா சிரிக்கிறாங்க.
— பெயர் வேண்டாம், பள்ளிக்கரணை

ப: சிரிக்கிறதுக்கு இதுல ஒன்னுமில்லம்மா. வெள்ளத்துல மாட்டினவங்களுக்கு வர்ற பாதிப்பு உதவப் போனவங்களுக்கும் வரும், டாக்டருங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான். 14416னு ஒரு நம்பர் இருக்கு, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், 2022ல இருந்து நடக்குது, காசு கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். மொதல்ல அங்க பேசுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கலன்னா ஜி.எச்.ல மனநலப் பிரிவுக்கு நேர்ல போங்க, ஓபி சீட்டு வாங்கிட்டு உக்கார வெக்கம் வேண்டாம்.

இந்த வருஷம் நீங்க முகாமுக்கு போகணும்னு ஒன்னும் கட்டாயம் இல்ல. போயே தீருவேன்னா எட்டு மணி நேரத்துக்கு மேல நிக்காதீங்க, உங்கள மாத்திவிட இன்னொரு ஆள் இருந்தாத்தான் போங்க. முகாம்ல ஊருக்கெல்லாம் பந்தி வச்சுட்டு தான் மட்டும் டீ பிஸ்கட்ல நாள ஓட்டுறது வாலன்டியருங்களோட பெரிய வியாதி, உக்காந்து தட்டுல போட்டு சாப்பிடுங்க. வீட்டுக்கு வந்ததும் வெள்ள வீடியோ பார்க்காதீங்க. அப்புறம் அந்த ஒருத்தர், உங்ககிட்ட படகு இருந்து போகாம விட்டீங்களா? இல்லையே. இதை நான் சொன்னா உடனே மனசு கேக்காது, தெரியும், அதனாலதான் மொதல்ல போன் நம்பர கொடுத்தேன்.

கே: தண்ணி வீட்டுக்குள்ள வந்தா மெயின எப்போ ஆஃப் பண்றது?
— குடும்பத் தலைவர், கடலூர்

ப: வாசப்படிய தாண்டறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க. கால் தண்ணில இருக்கும்போது ஸ்விட்ச் போர்டுல கைய வைக்காதீங்க, அப்படி ஆயிடுச்சுன்னா தொடாம வெளிய வந்து 94987 94987, அதாவது மின்வாரியத்தோட புகார் மையமான மின்னகத்துக்கு கூப்பிட்டு லைன கட் பண்ண சொல்லுங்க. மெயின ஆஃப் பண்ணிட்டா கரண்டே இல்லன்னு நினைச்சிடாதீங்க, இன்வெர்ட்டர் இருந்தா அது பாட்டுக்கு சப்ளை கொடுத்துக்கிட்டே இருக்கும். அதையும் அணைக்கணும், பேட்டரிய இப்பவே ஒரு மேஜை மேல ஏத்திடுங்க. கேஸ் ரெகுலேட்டரையும் மூடுங்க, வாடை வந்தா 1906. தண்ணி வடிஞ்ச பிறகு எலெக்ட்ரீஷியன் பார்க்காம எதையும் ஆன் பண்ணாதீங்க. காருக்கும் இதே கதைதான், முங்கின கார ஸ்டார்ட் ஆகுதான்னு சாவிய திருகிப் பார்த்தா எஞ்சின் போயிடும், அப்புறம் இன்சூரன்ஸ்காரர் கைவிரிச்சுடுவார். அப்படியே விட்டு டோ பண்ணச் சொல்லுங்க. 2024 அக்டோபர்ல வேளச்சேரிக்காரங்க அலர்ட் வந்ததும் கார ஃப்ளைஓவர் மேல வரிசையா ஏத்தி நிறுத்தினாங்களே, ஊரே கிண்டல் பண்ணுச்சு, எனக்கென்னமோ அவங்க பண்ணதுல தப்பு தெரியல.

கே: எங்க அபார்ட்மென்ட்ல 24 வீடு. அதுல ஆறு வீட்ல வயசானவங்க தனியா இருக்காங்க, பிள்ளைங்க அமெரிக்காவுலயும் துபாய்லயும். அசோசியேஷன் மீட்டிங் போட்டா ஜென்செட் டீசல் காசு யார் கொடுக்கிறதுன்னு சண்டையிலேயே முடியுது. நாங்க என்ன செய்யலாம்?
— செயலாளர் (பாவப்பட்ட), மடிப்பாக்கம்

ப: டீசல் சண்டைய பொங்கலுக்கு அப்புறம் போட்டுக்கோங்க சார். இந்த ஞாயித்துக்கிழமை ஒரு நோட்டு எடுத்துட்டு 24 கதவையும் தட்டுங்க. இந்த வீட்ல எத்தனை பேரு, யாருக்கு ஆக்ஸிஜன், யாருக்கு டயாலிசிஸ், அது எந்தக் கிழமை, யாரால படி ஏற முடியாது, சாவி இன்னொன்னு யார்கிட்ட இருக்கு, வெளியூர் பிள்ளையோட நம்பர் என்ன. டயாலிசிஸ்காரங்க அலர்ட் வந்தா ஒரு நாள் முன்னாடியே போய் செஞ்சுக்க முடியுமான்னு ஆஸ்பத்திரில கேட்டு வைக்கட்டும், இது உயிர் சமாச்சாரம். ஆக்ஸிஜன் மெஷின் கரண்ட்ல ஓடுறது, அதனால சிலிண்டர் ஒன்னு கூடவே வேணும்.

அப்புறம் தனியா இருக்கிற ஆறு வீட்டுக்கும் மேல் மாடி வீடு ஒன்ன ஜோடி சேர்த்துடுங்க. தண்ணி ஏறினா கீழ் வீட்டுப் பாட்டி எந்த வீட்டுக்குப் போறாங்கன்னு பாட்டிக்கும் தெரியணும், அந்த வீட்டுக்காரங்களுக்கும் தெரியணும், முடிஞ்சா முன்னாடியே ஒரு நாள் போய் காபி குடிச்சுட்டு வரட்டும். முன்னப்பின்ன தெரியாத வீட்டு வாசல்ல ராத்திரி நைட்டியோட போய் நிக்க எந்தப் பெரியம்மாவும் கூச்சப்படுவாங்க, “பரவால்ல நான் இங்கேயே கட்டில் மேல இருந்துக்கறேன்”னு சொல்லிடுவாங்க, அப்படி சொல்ற இடத்துலதான் விபரீதமே நடக்குது. லிஃப்ட்ட தண்ணி வர்றதுக்கு முன்னாடியே மேல் மாடில நிறுத்தி அணைச்சுடணும், இதுக்கு ஒரு ஆள பேர் சொல்லி போடுங்க. வாட்ஸ்அப் குரூப்ப நம்பாதீங்க, டவர் போனா குரூப்பும் போச்சு. லிஃப்ட் பக்கத்து சுவத்துல ஒரு அட்டைய ஒட்டி 112, 108, மாநகராட்சி 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, ஏரியா ஈபி ஆபீஸ், ரெண்டு ஆட்டோக்காரர் நம்பர்னு பெரிய எழுத்துல எழுதிடுங்க. ஜென்செட் எங்க இருக்குன்னு நீங்க எழுதல, மூடின பார்க்கிங்குக்குள்ள வச்சு ஓட்டாதீங்க சார், புகையில இருக்கிற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது, தெரியாமலே ஆள் போயிடும்.

கே: வெள்ளம் வடிஞ்சதும் வீட்டுக்குள்ள பாம்பு வந்துடுச்சு, பக்கத்து வீட்டுக்காரர் அடிச்சுட்டார். கடிச்சிருந்தா என்ன பண்றது?
— வாசகி, சீர்காழி

ப: கடிச்ச இடத்துக்கு மேல கயித்த இறுக்கி கட்டுறது, பிளேடால கீறுறது, வாய வச்சு உறியுறது எல்லாம் சினிமாவோட போகட்டும். மோதிரம், கொலுசு, வளையல கழட்டிட்டு, கைகால அசைக்காம படுக்க வச்சு அரசு ஆஸ்பத்திரிக்கு தூக்குங்க, விஷமுறிவு மருந்து அங்க இலவசம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான், அதனால எந்தப் பாம்புன்னு காட்ட அதைத் தேடிப் பிடிக்க வேண்டாம். கட்டுவிரியன் கடிச்சா வலியே இல்லாம இருக்கும், வலிக்கலன்னு அசால்ட்டா படுத்துடாதீங்க. வீடு கழுவும்போது மூட்டை, மரச்சாமான் அடியில எல்லாம் கைய விடாம குச்சியால தட்டிப் பாருங்க. பாம்ப அடிக்காதீங்க, அடிக்கப் போறப்பத்தான் நிறைய பேர் கடி வாங்குறாங்க, தீயணைப்புக்கு 101 போட்டா வந்து பிடிச்சுட்டுப் போவாங்க.

கே: மூணு நாள் கரண்ட் இல்ல. ஃப்ரீசர்ல ஒரு கிலோ வஞ்சிரம் இருந்துச்சு, வாசனை ஒன்னும் வரல. குழம்பு வைக்கலாமா? வீட்டுக்காரர் “கழுவி மஞ்சள் போட்டா சரியாயிடும்”ங்கிறார்.
— வாசகி, புதுச்சேரி

ப: வேண்டாம். கரண்ட் போன ஃப்ரிட்ஜ் கதவ திறக்காம வச்சா நாலு மணி நேரம், நிறைஞ்ச ஃப்ரீசர்னா ரெண்டு நாள், பாதிதான் இருந்துச்சுன்னா ஒரு நாள், அதுக்கு மேல மீன், கறி, பால் எல்லாம் குப்பைக்குத்தான். கெட்டுப்போன எல்லாம் நாறும்னு கிடையாது. மஞ்சளுக்கு அவ்வளவு சக்தி இருந்தா நாம ஏன் ஃப்ரிட்ஜ் வாங்கறோம்னு சார்கிட்ட கேளுங்க. வஞ்சிரம் விக்கிற விலைக்கு வயிறு எரியத்தான் செய்யும், என்ன பண்றது. பூனைக்கும் போடாதீங்க. அடுத்த தடவை அலர்ட் வந்த அன்னைக்கே எடுத்து குழம்பு வச்சு, பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துடுங்க.